இரு தரப்புக்கும் ஒரு பாட்டன் வேண்டும்!

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது.

அங்கே ஒரு சின்ன வீடு. 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் அந்த ஊர் முன்சீப். குழந்தை வளர்ந்தது, ஓசூரில் படித்தது, பெங்களூரில் படித்தது, சேலத்தில் வக்கீல் தொழில் செய்தது. பிறகு சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆயிற்று. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலும் ஆயிற்று.

அவர்தான் ராஜாஜி. பிறந்த வீடு இன்று அரசாங்கத்தின் நினைவு இல்லம்.

ராஜாஜியின் அரசியலை ஏற்காதவர்கள் உண்டு. கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் அவர் எழுதிய மகாபாரதத்தை எதிர்த்தவர்களும் எடுத்துப் படித்தார்கள். "கல்கி" பத்திரிகையில் "வியாசர் விருந்து" என்ற பெயரில் அது வெளிவந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் புரியும்படி, சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினார்.

அந்தக் கதை என்ன கதை? அண்ணன் தம்பி பிள்ளைகள் அடித்துக்கொண்டு செத்த கதை. ஒரே வீட்டுக்குள் மூண்ட சண்டை. இந்தக் காலத்துப் பேச்சில் சொன்னால், உள்நாட்டுப் போர்.

அந்நியன் படையெடுத்து வந்தால் அது ஒரு வகைப் போர். அது முடிந்ததும் அந்நியன் போய்விடுவான். உள்நாட்டுப் போர் அப்படி அல்ல. முடிந்த பிறகும் இரண்டு பக்கத்தாரும் அதே மண்ணில்தான் இருக்க வேண்டும். அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். ஆகவே அதன் சரித்திரத்தை எழுதுவது மிகவும் கஷ்டமான வேலை. எழுதாமல் விடுவதோ மிகவும் ஆபத்தான வேலை.

எழுதியவர் யார்?

மகாபாரதத்தை எழுதியவர் வியாசர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் யார் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். திருதராஷ்டிரனையும் பாண்டுவையும் பெற்றவர் அவர். அதாவது துரியோதனனுக்கும் பாட்டன், தருமனுக்கும் பாட்டன்!

செத்தவர்கள் இரண்டு பக்கமும் அவருடைய பேரன்கள். எந்தப் பக்கத்துக்கு அவர் பொய் எழுதுவார்?

எழுதவில்லை. பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து இழுத்த கௌரவரின் பாவத்தை எழுதினார். துரோணரைக் கொல்லத் தருமன் சொன்ன அரைப் பொய்யையும் எழுதினார். முறை தவறித் துரியோதனனைத் தொடையில் அடித்த பீமனையும் எழுதினார். தூங்குகிறவர்களை நள்ளிரவில் வெட்டிய அசுவத்தாமனையும் எழுதினார். நல்லவர் பக்கம் நடந்த தப்பையும் மறைக்கவில்லை. கெட்டவர் பக்கம் இருந்த வீரத்தையும் மறைக்கவில்லை.

உள்நாட்டுப் போரின் சரித்திரத்தை எழுதுகிறவனுக்கு இதுதான் இலக்கணம். அவன் இரு தரப்புக்கும் பாட்டனாக இருக்க வேண்டும்.

இந்த இலக்கணம் தமிழர்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது. ஏனென்றால், நம் கண் எதிரே ஓர் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்திருக்கிறது. அதுதான் இலங்கையில் நடந்த போர்.

பக்கத்திலேயே இருக்கிறார்கள்

இலங்கை எங்கோ இருக்கிறது, தொரப்பள்ளி எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1983-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் இலங்கைத் தமிழர்கள் உயிருக்குப் பயந்து படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மொத்தத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். பல ஆயிரம் பேர் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். அத்தகைய முகாம்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு. "அகதி முகாம்" என்று இருந்த பெயர், 2021-ம் ஆண்டில் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றப்பட்டது.

பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் காலம் ஓடுகிறதே! 1983-ல் முப்பது வயதில் கைக்குழந்தையோடு படகேறிய தாய்க்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தக் கைக்குழந்தைக்கே தலை நரைத்துவிட்டது. பேரப் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறார்கள். பாட்டி எதற்காக ஊரை விட்டு ஓடிவந்தாள் என்று பேரனுக்குச் சரியாகத் தெரியாது. பாட்டியும் சொல்வதில்லை. சொன்னால் அழுகை வரும்.

அவள் கண்ணை மூடிவிட்டால் அந்தச் சரித்திரமும் அவளோடு போய்விடும்.

ஒரே ஆண்டு, இரண்டு நாடு

இலங்கைச் சண்டையின் வித்து எங்கே விழுந்தது? பலர் பல காரணம் சொல்வார்கள். ஆனால் ஒரு காரணத்தை யாரும் விடுவதில்லை. அது மொழி.

இலங்கை 1948-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி சுதந்திரம் பெற்றது. 1956-ம் ஆண்டு, சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று அங்கே சட்டம் வந்தது. தமிழ் பேசுகிறவன் சர்க்கார் ஆபீசுக்குப் போனால் வாய் மூடி நிற்க வேண்டிய நிலை வந்தது. மறு ஆண்டே பிரதம மந்திரி பண்டாரநாயகாவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். புத்த பிட்சுகளும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1958-ல் அந்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. அடுத்த மாதமே கலவரம்!

இப்போது ஓசூருக்கு வாருங்கள். அதே 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இந்தியாவில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. ஓசூர் வட்டாரம் மூன்று மொழி பேசும் இடம். தெலுங்கு வீடு ஒன்று, கன்னட வீடு ஒன்று, தமிழ் வீடு ஒன்று என்று கலந்து கிடக்கும். ஒரே ஆள் சந்தையில் ஒரு மொழி பேசுவான். வீட்டில் ஒரு மொழி பேசுவான். அந்த ஓசூர் சென்னை மாநிலத்திலேயே இருந்தது. அதனால் யாருடைய வீடும் எரியவில்லை. தெலுங்குப் பள்ளிக்கூடமும் கன்னடப் பள்ளிக்கூடமும் உருதுப் பள்ளிக்கூடமும் நடந்தன.

2006-ம் ஆண்டில், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம் என்று சட்டம் வந்தது. வேறு மொழி பேசும் மக்கள் மனம் வருந்தினார்கள். என்ன செய்தார்கள்? மனுப் போட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். துப்பாக்கி எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

இந்த இடத்தில் தொரப்பள்ளிப் பிள்ளையின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1938-ம் ஆண்டில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கியவர் இதே ராஜாஜிதான். பெரியார் ஜெயிலுக்குப் போனார். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் காவலில் இருந்தபோது இறந்தார்கள். ராஜாஜியின் மந்திரி சபை போன பிறகு, 1940-ல் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. பின்னாளில் அதே ராஜாஜி, இந்தி மட்டும் ஆட்சி மொழி ஆகக் கூடாது என்று வாதாடினார்! 1965-ல் தமிழ்நாட்டில் ரத்தம் சிந்தியது உண்மை. ஆனால் டெல்லி இறங்கி வந்தது. இங்கிலீஷ் நீடிக்கும் என்று 1967-ல் சட்டம் திருத்தப்பட்டது.

இறங்கி வரத் தெரிந்த இடத்தில் சண்டை அடங்கிற்று. ஒப்பந்தத்தைக் கிழித்த இடத்தில் சண்டை முற்றிற்று. இது அதிர்ஷ்டம் அல்ல, பாடம். சரித்திரத்தை எழுதி வைத்தால்தான் இந்தப் பாடம் கிடைக்கும்.

எரிந்தது வீடு மட்டுமா?

1981-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவு யாழ்ப்பாணத்தில் கலவரம் தொடங்கியது. அந்தக் கலவரத்தில் யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97 ஆயிரம் புத்தகங்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பல் ஆயின. தாவீது அடிகள் என்ற பன்மொழிப் புலவர், தம் மாடியில் நின்று அந்தத் தீயைக் கண்டார்; கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார் என்று சொல்கிறார்கள்.

புத்தகம் யாரை அடித்தது? யாரைச் சுட்டது? ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தாரின் ஞாபகத்தை அழிக்க நினைக்கிறவன் முதலில் புத்தகத்தைத்தான் தேடுவான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1983-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் தாக்கியதில் 13 ராணுவத்தார் மாண்டார்கள். மறுநாள் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் பற்றி எரிந்தன. வெலிக்கடை ஜெயிலுக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஜூலையில் மாண்டவர்கள் சில நூறு பேர் என்றது அரசாங்கம். 3 ஆயிரம் வரை இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். அதே நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களும் உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு நடந்தது 26 ஆண்டுப் போர். 2009-ம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் அது முடிந்தது.

தன் பக்கத்தையே கேள்வி கேட்டவர்கள்

இந்தப் போருக்கு வியாசர் உண்டா? முழு வியாசர் இன்னும் வரவில்லை. ஆனால் வியாசரின் குணம் கொண்ட சிலர் இருந்தார்கள்.

முதலில் ஒரு சிங்களவர். பெயர் டார்சி விட்டாச்சி. கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர். 1958 கலவரத்தைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். தன் இனத்தார் செய்த அநியாயத்தை அப்படியே எழுதினார். புத்தகத்தை லண்டனில்தான் வெளியிட முடிந்தது! வதந்தி எப்படிக் கொலை செய்யும் என்பதை அதில் காட்டினார். "மட்டக்களப்பில் வேலை பார்த்த நம் ஊர் ஆசிரியையைத் தமிழர்கள் கொடூரமாகக் கொன்றுவிட்டார்கள்" என்று பாணந்துறையில் ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டுக் கொதித்த கூட்டம் தமிழர்கள் மேல் பாய்ந்தது. பிறகு விசாரித்தால், அப்படி ஓர் ஆசிரியையே கிடையாது!

அடுத்து ஒரு தமிழ்ப் பெண். டாக்டர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பாடத்தின் தலைவர். கணவர் சிங்களவர். இரண்டு பெண் குழந்தைகள். லண்டனில் சுகமாக இருந்திருக்கலாம். போர் நடக்கும் ஊருக்குத் திரும்பி வந்தார். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகிய மூவரோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் அதன் பெயர் "முறிந்த பனை".

அதில் இலங்கை ராணுவம் செய்ததை எழுதினார்கள். 1987-ல் அமைதி காக்கப் போன இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் செய்ததையும் எழுதினார்கள். புலிகளும் மற்ற இயக்கங்களும் சொந்த மக்களுக்குச் செய்ததையும் எழுதினார்கள். யாரையும் விடவில்லை.

1989-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி ரஜனி பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பினார். வழியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் கொன்றார்கள் என்று அவருடைய குடும்பத்தாரும் தோழர்களும் சொன்னார்கள். புத்தகம் அதன் பிறகு வெளிவந்தது.

எழுதியதற்காக உயிர் போயிற்று. ஆனால் எழுத்து போகவில்லை.

இன்னொருவர் யாழ்ப்பாணத் தமிழர் வழியில் வந்த ஸ்டான்லி தம்பையா. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1983-க்குப் பிறகு அவர் எழுதிய புத்தகத்தின் பெயரிலேயே "உடன்பிறப்புக் கொலை" என்ற பொருள் வரும் சொல்லை வைத்தார். குருக்ஷேத்திரம் ஞாபகம் வருகிறது அல்லவா? 1992-ல் அவர் எழுதிய மற்றொரு புத்தகத்துக்கு இலங்கையில் தடை விதித்தார்கள்.

மூன்று பேர். ஒருவர் புத்தகம் கடல் கடந்து அச்சாயிற்று. ஒருவர் உயிரே போயிற்று. ஒருவர் புத்தகத்துக்குத் தடை வந்தது. உண்மையை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எத்தனை பேர் செத்தார்கள்?

பாரதப் போர் முடிந்ததும் கண் தெரியாத திருதராஷ்டிரன் தருமனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான்: செத்தவர்கள் எத்தனை பேர்? தருமன் மழுப்பவில்லை. எண்ணிக்கை சொல்கிறான். அடுத்து, கொள்ளி போட ஆள் இல்லாத பிணங்களை என்ன செய்வது என்று பேச்சு வருகிறது. யார் பக்கம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஈமக் கடன் செய்யத் தருமன் உத்தரவிடுகிறான்.

ஜெயித்தவன் செய்ய வேண்டிய முதல் வேலை அது. இலங்கையில் அந்த வேலை இன்னும் முடியவில்லை.

போரின் கடைசி மாதங்களில் மட்டும் பொதுமக்கள் 40 ஆயிரம் பேர் வரை மாண்டிருக்கக்கூடும், அதை மறுக்க முடியாது என்று ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. மக்கள் தங்கியிருந்த இடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ராணுவம் குண்டு போட்டது என்றது. மக்களைப் புலிகள் கேடயமாக வைத்திருந்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. இலங்கை அரசாங்கம் அறிக்கையை ஏற்கவில்லை.

மன்னார் பிஷப் ராயப்பு ஜோசப் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். அரசாங்க ஆபீஸ் கணக்குப்படி 2008-ம் ஆண்டு அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போரின் முடிவில் அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர். "இவர்கள் எங்கே?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்கு. ஆனால் விடை கிடைக்கவில்லை.

அந்த மீதிப் பேர் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. கணக்கில் தப்பியவர்கள் இருக்கலாம். வேறு வழியில் போனவர்கள் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் சரித்திர ஆராய்ச்சி. வடக்கில் 1981-க்குப் பிறகு முழு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தது 2012-ல்தான்! நடுவில் 31 ஆண்டுகள் வெறும் இருட்டு.

கணக்குத் தாமதம் ஆகலாம். ஆனால் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. மாண்டவர்கள் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் என்றுதான் வெகு காலம் எழுதி வந்தார்கள். 2011-ல் டேவிட் ஹாக்கர் என்ற சரித்திரப் பேராசிரியர் பழைய ஜனத்தொகை ஏடுகளைப் புரட்டினார். சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம் இருக்கும் என்று சொன்னார். போர் முடிந்து 146 ஆண்டுக்குப் பிறகு, விட்டுப்போன லட்சம் பேருக்கும் மேல் கணக்கில் சேர்ந்தார்கள்!

ஏடு இருந்தது, அதனால் கணக்குத் திருந்தியது. ஏடே இல்லாவிட்டால்?

ஏடு பேசாவிட்டால் மண் பேசும். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 1999-ல் தோண்டியபோது 15 பேரின் எலும்புகள் கிடைத்தன. 2025-ல் அங்கே மறுபடி தோண்டினார்கள். 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன.

இரண்டு ஆட்சேபம்

"ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் மேலே தோல் மூடி உள்ளே சீழ் வைத்த புண் ஆறின புண் ஆகாது.

ஸ்பெயின் நாட்டில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர். ஜெயித்த பிராங்கோ 1975-ல் சாகும் வரை ஆண்டார். பிறகு வந்தவர்கள் "பழசைப் பேச வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள். நடந்ததா? 2000-ம் ஆண்டில் எமிலியோ சில்வா என்ற பத்திரிகையாளர், 1936-ல் சுட்டுப் புதைக்கப்பட்ட தம் தாத்தாவின் எலும்பைத் தேடிக் குழி தோண்டினார். அவரைப் பார்த்து நாடெங்கும் பேரன் பேத்திகள் கிளம்பினார்கள். 2007-ல் அதற்கென்று சட்டமே வந்தது. மகன் மறந்தாலும் பேரன் கேட்பான். கேட்கும்போது சொல்வதற்கு ஆள் இருக்க வேண்டும்.

"நம் பக்கத்துத் தப்பை நாமே எழுதுவது துரோகம் அல்லவா?" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது கோபத்தில் வருவது.

1990-ம் ஆண்டு அக்டோபர் மாதம், வட மாகாணத்தில் இருந்த முஸ்லிம் மக்கள் 70 ஆயிரம் பேருக்கும் மேல் புலிகளால் விரட்டப்பட்டார்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சில மணி நேரம்தான் கெடு. சொத்தை எல்லாம் போட்டுவிட்டு, கட்டின துணியோடு போனார்கள். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பலர் உடல் சிதறி மாண்டார்கள். அந்தப் பழி, ஒரு பாவமும் அறியாத முகாம் மக்களின் தலையிலும் விழுந்தது.

இவற்றை மறைத்துவிட்டு, நமக்கு நடந்த அநியாயத்தை மட்டும் எழுதினால் உலகம் நம்புமா? அரை உண்மை எழுதுகிறவன் தன் பக்கத்துப் பிணங்களுக்கே துரோகம் செய்கிறான். ஏனென்றால், ஒரு பக்கம் பொய் என்று தெரிந்தால் மற்றப் பக்கத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். தன் தப்பை ஒப்புக்கொள்கிறவன் சாட்சிதான் கோர்ட்டில் நிற்கும்.

இதனால் எல்லோர் குற்றமும் சமம் என்று ஆகிவிடாது. பீரங்கியும் விமானமும் வைத்திருந்த அரசாங்கத்துக்குப் பொறுப்பு அதிகம். எது பெரிய குற்றம், எது சின்னக் குற்றம் என்று நிறுத்துச் சொல்லலாம். ஆனால் தராசில் எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் நிறுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய பணம் வேண்டாம். முதல் வேலை, கேட்பது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சரித்திரம் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பக்கத்து முகாமுக்குப் போய், ஒரு பெரியவரோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நடந்தது, யாரை இழந்தார்கள் என்று கேட்டு எழுதலாம். செல்போனிலேயே குரலைப் பதிவு செய்யலாம். பெயர் சொல்லப் பயந்தால் பெயரை விட்டுவிடலாம். சொல்ல மனம் இல்லாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "முறிந்த பனை" எழுதியவர்களில் ஒருவரான தயா சோமசுந்தரம் மனநோய் டாக்டர். போர் மனத்தில் போட்ட காயத்தைப் பற்றியே அவர் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்தக் காயத்தை அறிந்துகொண்டுதான் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வேலை, சேர்த்து வைப்பது. எரிந்த நூலகத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். 2005-ம் ஆண்டு முதல் "நூலகம்" என்ற பெயரில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். அதற்குத் தீ வைக்க முடியாது! நம் பல்கலைக்கழகங்களும் அதுபோல முகாம் மக்களின் வாய்மொழியைச் சேர்க்கலாம்.

மூன்றாவது வேலை, மொழிபெயர்ப்பது. இந்தப் போரைப் பற்றிய நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில் கிடக்கின்றன. அவை தமிழிலும் வர வேண்டும். சிங்களத்திலும் வர வேண்டும். தமிழ்த் தாய் அழுததைச் சிங்களத் தாய் படிக்க வேண்டும். போரில் பிள்ளையை இழந்த சிங்களச் சிப்பாயின் தாய் அழுததைத் தமிழ்த் தாய் படிக்க வேண்டும். பாரதத்தில் காந்தாரி போர்க்களத்துக்குப் போய், தன் பிள்ளைகளுக்காக மட்டும் அழவில்லை. எதிரியான அபிமன்யுவின் பிணத்தைக் கண்டும் அழுதாள்.

தொரப்பள்ளியில் பிறந்தவர் வியாசரின் பெரிய நூலைச் சின்ன வாக்கியங்களில் வீடு வீடாகக் கொண்டு போனார். அதுபோல இந்தப் போரின் சரித்திரத்தையும் யாராவது வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும்.

குந்தி சொன்ன உண்மை

பாரதப் போரின் முடிவில் ஒரு காட்சி வருகிறது. எல்லோரும் கங்கைக் கரையில் நின்று, செத்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிறார்கள். அப்போது குந்தி வாய் திறக்கிறாள். "கர்ணனுக்கும் நீர் விடுங்கள். அவன் உங்கள் அண்ணன்" என்கிறாள்.

தருமன் துடித்துப் போகிறான். இது முன்பே தெரிந்திருந்தால் இந்தப் போரே நடந்திருக்காதே என்று கதறுகிறான். ஒரு தாய் ஓர் உண்மையை மூடி வைத்தாள். அது வெளியே வந்தபோது எல்லோரும் செத்துக் கிடந்தார்கள்.

இன்றும் எத்தனையோ தாய்மார்கள் உண்மையை நெஞ்சில் மூடிக்கொண்டு இருக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து முகாம்களிலும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், சிங்களக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்து, "சொல்லு பாட்டி" என்று கேட்பதற்கு ஒரு பேரன் வேண்டும்.

கேட்டதை இரு தரப்புக்கும் பொதுவாக எழுதி வைத்தால், அந்தப் பேரனே ஒருநாள் இரு தரப்புக்கும் பாட்டன் ஆவான்.